நாலாவது புள்ளி

“அந்த வெளக்கத் தூக்கு மொதல்ல! தூக்குறியா இல்லியா?”

சாமி ரூமுக்குள்ளிருந்து செல்லசாமி கத்திய கத்தலில், குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த சண்முகவடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாவுக் கையைக் கழுவக்கூட நிற்கவில்லை. அப்படியே எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள்.

உள்ளே அவளுடைய புருஷன், நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றின் பெரிய கிளாக்கர், ஐம்பதைத் தாண்டிய மனிதர், தலையில் கம்பளிக் குல்லாவோடு கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். குல்லாவின் நெற்றிப் பக்கத்தில் மூன்று குட்டி பல்புகள் முக்கோணமாகத் தைக்கப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து ஒரு வயர் இறங்கி, சட்டைப் பையிலிருந்த பெட்டரிக்குப் போனது. கம்பியூட்டரில் ஒரு விமானம் மூக்குடைந்து குப்புறக் கிடந்தது.

“யாரு வெளக்கத் தூக்கச் சொல்றீங்க?”

“ஒன் வெளக்கத்தான்! அதுனாலதான் திருச்சியில எறங்க முடியல. ரன்வே தெரியுற நேரமாப் பாத்து என் பார்வை கூரைக்குப் போயிருது!”

“பார்வை கூரைக்குப் போனா கண்ணு டாக்டரப் போய்ப் பாருங்க. அம்மன் வெளக்கு மேல ஏன் பாயுறீங்க?”

கம்பியூட்டர் மகள் சுலக்ஷனா படிப்பதற்கென்று வாங்கியது. அவள் பேராதனைக் கெம்பஸுக்குப் போனதும் அது அப்பாவிடம் அகப்பட்டுக்கொண்டது. விமானம் ஓட்டுகிற விளையாட்டு. விளையாட்டு என்று சொன்னால் செல்லசாமிக்குக் கோபம் வரும். கட்டுநாயக்காவில் ஏறித் திருச்சியில் இறங்குவார். இறங்குவார் என்பது பேச்சுக்கு. திருச்சி விமான நிலையத்தில் அவர் போட்டு உடைத்த விமானங்களை வைத்து ஒரு பழைய இரும்புக் கடையே நடத்தலாம்.

இப்போது புதிதாக இந்தக் குல்லா. தலையை இடப்பக்கம் திருப்பினால் உள்ளே இருக்கிற விமானியும் இடப்பக்கம் பார்ப்பானாம். நிமிர்ந்தால் மேகம் தெரியுமாம். கம்பியூட்டரின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டிக் கெமரா அந்த மூன்று பல்புகளையும் பார்த்துக்கொண்டே இருக்கும். பல்புகளின் வெளிச்சம் மனிதக் கண்ணுக்குத் தெரியாது, கெமராவுக்கு மட்டும் தெரியும். ரிமோட்டுகளிலிருந்து பிடுங்கிய பல்புகள் அவை. ஒன்று வடிவுடைய டிவி ரிமோட். அது போனதிலிருந்து நாடகம் மாற்ற அவள் ஒவ்வொரு தடவையும் எழுந்து நடக்கிறாள். இன்னொன்று டிவிடிப் பெட்டியுடையது. மூன்றாவது, பக்கத்துக் குவாட்டர்ஸ் மீனம்மாவுடைய பழுதான ரிமோட், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தது. போதாததற்குக் கெமராவின் வாயை மூடக் கறுப்பு பிலிம் வேண்டுமென்று, சுலக்ஷனாவின் சடங்கு போட்டோ நெகடிவ்வின் வால் துண்டையும் கத்தரித்துவிட்டார். அன்றைக்கு வடிவு ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நாயே வீட்டை விட்டு இறங்கி ஓடியது.

“பார்வையத் திருப்ப பொத்தான் இருக்குன்னு புள்ள போன்ல சொன்னாளே. அத அமுக்குனா என்னா?” என்று அவள் கேட்டுப் பார்த்திருந்தாள்.

“ஒரு கையில ஜொய்ஸ்டிக். மத்தக் கை சும்மா இருக்கணும். பைலட்டுக்கு எப்பவும் ஒரு கை சும்மா இருக்கணும்டி.”

“எதுக்கு?”

“அவசரத்துக்கு!”

இவ்வளவையும் அவள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். போன மழைக்காலத்தில் இருமி இருமி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த மனிதரை ஹட்டனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், “இனிமேல் சிகரட் தொட்டால் என்னிடம் வராதீர்கள், நேரே சவப்பெட்டி வாங்கப் போங்கள்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்று சாயந்தரமே தோட்டத்து மாரியம்மன் கோயிலில், எரிகிற சூடத்தில் கையடித்துச் சத்தியம் பண்ணினார் செல்லசாமி. வடிவு தன் பங்குக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். தேர் முடிகிற வரைக்கும் வீட்டில் விளக்கு அணையாது. எண்ணெய் விட்டு, திரி தூண்டி, காற்றுக்கு மறைப்பு வைத்து, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்து வந்தாள். அம்மன் கைவிடவில்லை. மனிதர் சிகரட்டை விட்டார். மனசை வேறு பக்கம் திருப்பத்தான் இந்த விமானம் என்றபோது, “தாராளமா ஓட்டுங்க” என்று சாமி ரூமில் இடம் கொடுத்ததும் அவளேதான். அந்த ரூமுக்குத்தான் ஜன்னல் கிடையாது. கெமராவுக்கு இருட்டு வேண்டுமாம்.

இடம் கொடுத்ததற்கு இப்போது சாமியையே வெளியே போகச் சொல்கிறார்.

செல்லசாமி ஹட்டனுக்குப் போன் போட்டார். டவுனில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் விஜிதரன்தான் அந்தக் கெமராவை விற்றவன். அவன் பேச்சு போனுக்கு வெளியிலும் நன்றாகக் கேட்டது.

“மூணு புள்ளிதாங்கய்யா தெரியணும். நாலாவதா ஒண்ணு தெரிஞ்சா, எது தலைன்னு அது கொழம்பிரும். வெளக்கு, அடுப்பு, வெயிலு, குண்டு பல்பு... நெருப்பா இருக்குற எதுவும் ஆகாதுங்க.”

“கேட்டியா?” என்றார் செல்லசாமி.

கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கையும் சாமி படங்களையும் ஹோலுக்குத் தூக்கி வந்து, டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். மாரியம்மனும் விளம்பரமும் அடுத்தடுத்து. செல்லசாமி அவளைக் கூப்பிட்டு, பக்கத்தில் நிற்க வைத்து ஓட்டிக் காட்டினார். தலையைத் திருப்பினார், பார்வை திரும்பியது. குனிந்தார், குனிந்தது. ஒரு பிசகு இல்லை.

“பாத்தியா? வெளக்குதான்!”

வடிவு விசுக்கென்று குசினிக்குப் போனாள். அவளுடைய விளக்கு குற்றவாளியாகிவிட்டதே என்ற ஆத்திரம் அவளுக்கு. அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். காக்பிட் கதவு திறந்து கிடக்கக் கூடாதாம், சட்டமாம்.

ரொட்டி வெந்து முடியவில்லை, உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“வந்துருச்சு! சனியன் திரும்ப வந்துருச்சு!”

“இப்ப என்னாங்க?”

“ஏர்றப்ப ஒழுங்கா இருந்துச்சுடி. மேல போய், சீட் பெல்ட்டு லைட்டு அணைஞ்சு, நிம்மதியாச் சாஞ்சு ஒக்காந்தேன் பாரு, அப்பப் பாத்து வருது! ஒன் அடுப்புதான். கதவு இடுக்கால தெரியுது!”

“கதவு இடுக்கால அடுப்பு தெரியுதா? எனக்கே அடுப்படியில நின்னா அடுப்பு தெரியாது, அவ்வளவு பொகை!”

தண்ணீர் தெளித்து அடுப்பை அணைக்க வைத்தார். கதவைத் திறந்து, அவளை மறுபடி பக்கத்தில் நிறுத்தி ஓட்டினார். வெண்ணெய் மாதிரிப் போனது விமானம்.

“பாத்தியா? அடுப்புதான்!”

அன்றிலிருந்து ஐயா விமானத்தில் இருக்கும் நேரமெல்லாம் அடுப்பு பற்றக் கூடாது என்று உத்தரவு. ஒஃபீஸ் விட்டு வந்ததும் விமானத்தில் ஏறிவிடுகிற மனிதர், இறங்கியதும் சோறு கேட்டார். வடிவு கடையில் வாங்கிய பாண் ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் கொண்டுவந்து டொக்கென்று வைத்தாள்.

“என்னா இது?”

“ப்ளேன்ல குடுக்குற சாப்பாடு. பேசாமத் தின்னுங்க.”

அவர் தின்றார். தின்று முடித்து ஒரு பெப்பர்மின்ட் டொபியை உரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

“இது வேற எதுக்கு எந்நேரமும்?”

“மேல ஏர்றப்ப காது அடைக்கும்.”

“தரையிலதானே குந்தியிருக்கீங்க!”

“பழக்கம் வரணும்ல!” என்று எரிந்து விழுந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் மனசு ஆறியது. சாமியை வெளியே அனுப்பிய குற்றம் வேண்டாமென்று, அவராகவே அந்த ரூமில் ஊதுபத்தி கொளுத்தி வைக்கத் தொடங்கியிருந்தார். ஒன்றிரண்டு இல்லை, கட்டுக் கட்டாக. விளக்குக்கு ஆகாத கெமராவுக்கு ஊதுபத்தி மட்டும் ஆகுமா என்று அவள் கேட்டதற்கு, “அது கெமராவுக்குப் பின்னுக்கு இருக்கு, கெமராவுக்கு முதுகுல கண்ணு இல்ல” என்றார். கம்பியூட்டர் சூடாகிறதென்று சுவரில் ஓட்டை போட்டு, காற்றை வெளியே இழுக்கிற காற்றாடியும் பூட்டினார். வருஷத்தில் பாதி நாள் தடிமன் பிடித்து மூக்கடைப்போடு திரிகிற வடிவுக்கு அந்த ஊதுபத்தி வாசம்கூடச் சரியாகப் பிடிபடவில்லை. மனிதருக்குப் பக்தி வந்ததே, அது போதும் என்றிருந்தாள்.

அடுத்த சத்தம் மீனம்மா பக்கம் போனது.

மீனம்மா தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையாவின் சம்சாரம். வடிவுக்கு அக்கா முறை போல, வாய் கொஞ்சம் நீளம். குவாட்டர்ஸ் முற்றத்தில் குளிக்கத் தண்ணீர் காய வைத்திருந்தாள். காற்றாடி ஓட்டை வழியாக அந்த நெருப்புத்தான் தெரிகிறதென்று கண்டுபிடித்தார் செல்லசாமி. குல்லாவும் தொங்குகிற வயருமாக முற்றத்தில் இறங்கினார்.

“அடுப்ப அணை மீனம்மா! ஒன்னால ப்ளேன் உழுந்துருச்சு!”

மீனம்மா விறகுக் கட்டையோடு நிமிர்ந்தாள். “சத்தம் போடுறதுக்கு இது என்னா வேலைக்கு ஆளு பிரிக்கிற பெரட்டுக் களமா? மனுசரு குளிக்க வேணாமா? ப்ளேன் உழுந்தா வானத்தப் பாத்துக் கத்துங்க, என்னப் பாத்துக் கத்தாதீங்க!”

“இங்க பாரு...”

“என் ரிமோட்டு எங்க? மொதல்ல அதக் குடுங்க!”

“அது பழுதான ரிமோட்டு!”

“பழுதானாலும் என்னோடது! தலையில தச்சுக்கிட்டா திரியுறீங்க?”

நடுவில் புகுந்த வடிவு, புருஷனைப் பேசுவதா மீனம்மாவைச் சமாதானம் செய்வதா என்று தெரியாமல் இரண்டு பேரிடமும் பேச்சு வாங்கினாள். மீனம்மா வாளித் தண்ணீரைக் கொட்டி நெருப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்க் கதவை அறைந்தாள். அன்றிலிருந்து முகம் பார்ப்பதில்லை. வாய்க்கு வாய் பேசக் கிடந்த ஒரே துணையும் போயிற்று. வடிவுக்கு அழுகை வந்தது, அழுகையை விடப் பெரிதாகக் கோபம் வந்தது.

அடுத்த உத்தரவில் ஹோல் பல்பு போயிற்று. கோழிக்கூட்டு பல்பு போயிற்று. சாயந்தரமானால் அந்தக் குவாட்டர்ஸ் இழவு விழுந்த வீடு மாதிரி இருண்டு கிடந்தது. மிச்சம் இருந்தது டிவிக்குப் பக்கத்தில் எரிந்த அந்த ஒரு விளக்கு. அப்படியும் திருச்சியில் விமானம் விழுந்தது.

சனிக்கிழமை சாயந்தரம் செல்லசாமி குல்லாவைக் கழற்றி மேசையில் அடித்தார்.

“வெளக்குதான். ஹோல்ல இருந்தாலும் வெளிச்சம் செவுத்துல பட்டுத் திரும்பி வருது. ஊதி அணை.”

வடிவு அவரையே பார்த்தாள்.

“என்னா சொன்னீங்க?”

“அணைன்னேன்.”

“என் தாலிக்காக ஏத்துன வெளக்கு! ஒங்க நெஞ்சுக்காக! ஒங்க நெஞ்சு சளியில்லாம ஏறி எறங்குதான்னு படுத்துக் கெடந்து காது குடுத்துக் கேக்குறவ நானு. அந்த வெளக்கு எரியிறதாலதான் நீங்க சிகரட்டு தொடாம இருக்கீங்க, தெரியுமா? ஊதி அணைக்கச் சொல்ற வாயி இது!”

செல்லசாமியின் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. ஆனாலும் விடவில்லை. “அதுக்கும் இதுக்கும் என்னாடி சம்பந்தம்? கெமராவுக்குத் தெரியுமா நேர்த்தி?”

“சரி. நாளைக்கு அந்த விஜிதரனக் கூப்பிடுங்க. வெளக்குதான்னு அவன் காட்டட்டும், என் கையாலேயே மலையேத்திடுறேன். இல்லன்னு காட்டுனான்னா, அந்தப் பொட்டி, குல்லா, கெமரா அத்தனையையும் ஒங்க கையாலேயே ஆத்துல போடணும். சம்மதமா?”

“சம்மதம்!” என்று கத்தினார் அவர்.

சொல்லிவிட்டு விளக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். தேருக்கு இன்னும் நாள் இருக்கிறது. நடுவில் விளக்கை அணைத்தால் அம்மன் சும்மா இருப்பாளா? இருமல் திரும்பி வந்தால்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் விஜிதரன் ஒரு பழைய மொனிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். சாமி ரூமில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் செல்லசாமியை ஓட்டச் சொன்னான். எல்லாம் சரியாக இருந்தது.

“எங்கங்கய்யா பிழை? நல்லாத்தானே வேல செய்யுது?”

“யாராவது பக்கத்துல நின்னா வராதுடா. தனியா ஓட்டுறப்பத்தான் வரும்.”

“அப்ப நான் வெளிய இருந்து பாக்குறேன்” என்று விஜிதரன் நீளமான வயரை இழுத்து, மொனிட்டரை ஹோலில் வைத்தான். “கெமரா என்னா பாக்குதோ, அது இதுல தெரியும்.”

செல்லசாமி திடுக்கிட்டார். “என் மூஞ்சி தெரியுமா?”

“மூஞ்சியெல்லாம் தெரியாதுங்க. பிலிம் போட்டிருக்குல்ல, ஒரே கறுப்பு. புள்ளி மட்டுந்தான் தெரியும்.”

அவரே குனிந்து மொனிட்டரில் கண்ணை வைத்துப் பார்த்தார். விஜிதரனைக் கெமரா முன் உட்கார வைத்தும் பார்த்தார். கறுப்பு. மூக்கும் இல்லை, முழியும் இல்லை. “சரி, அப்ப சரி” என்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். காற்றாடி சுற்றத் தொடங்கியது.

“அக்கா, மொதல்ல வெளக்கு இல்லாமப் பாப்போம்” என்றான் விஜிதரன். “அப்புறம் கொண்டாந்து வைப்போம். வித்தியாசம் தெரிஞ்சுரும்.”

அணைக்காமல் விளக்கை எங்கே கொண்டு போவது? வடிவு முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு, முற்றத்தைத் தாண்டி மீனம்மாவின் வாசலில் போய் நின்றாள். மீனம்மா கதவைத் திறந்தாள். விளக்கைப் பார்த்தாள், வடிவின் கண்ணைப் பார்த்தாள். வாங்கித் தன் சாமித் தட்டில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள்.

ஹோலில் மூன்று பேரும் மொனிட்டரைச் சுற்றி நின்றார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, அடுப்பு அணைத்து, பல்பு அணைத்து, கும்மிருட்டு. கறுப்புத் திரையில் மூன்று வெள்ளைப் புள்ளிகள் முக்கோணமாக நின்றன. அவர் தலையாட்டினால் அவையும் ஆடின.

“ஏறிட்டேன்!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மூன்று புள்ளிகள்.

“முப்பதாயிரம் அடி!”

அப்போதும் மூன்றே புள்ளிகள். வடிவு மொனிட்டருக்கு இன்னும் கிட்டப் போனாள். அப்படியானால் விளக்குத்தானா? இத்தனை நாள் பொத்திப் பொத்திக் காத்த விளக்கைத் தன் கையாலேயே மலையேற்ற வேண்டுமா? ‘தாயே, என்ன மானங்கெடுத்திராத’ என்று மனசுக்குள் முணுமுணுத்தாள். மீனம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“பெல்ட்டு லைட்டு அணைஞ்சிருச்சு!” என்றார் செல்லசாமி.

பளிச்சென்று ஒரு வெளிச்சம் எழுந்து அடங்கியது. அது அடங்கிய இடத்தில், மூன்று புள்ளிகளுக்கும் கீழே, நாலாவதாக ஒரு புள்ளி நின்றது.

“வந்துருச்சு! சனியன் வந்துருச்சு!” உள்ளே மேசையில் அடிக்கிற சத்தம். “வடிவு! வெளக்க அணைடி!”

“வெளக்கு இங்க இல்லீங்க!” வடிவு கத்தினாள். சந்தோஷத்தில் குரல் உடைந்தது. “வெளக்கு வீட்டுலயே இல்ல! பாத்தீங்களா? என் வெளக்கு இல்ல, என் அம்மா மேல பழி போட்டீங்களே! பொட்டியத் தூக்குங்க, ஆத்துக்குப் போவோம்!”

விஜிதரன் மட்டும் தலையைச் சொறிந்தான். “வெளக்கு இல்லதான்க்கா. ஆனா இது என்னான்னு வெளங்கலியே. ஐயா தலையத் திருப்புனா இதுவும் கூடவே திரும்புது. பெருசாகுது, அப்புறம் சின்னதாகுது. இந்தா, இப்ப கீழ எறங்கி ஓரமாப் போகுது... திரும்பவும் பழைய எடத்துக்கே வருது பாருங்க. எந்த பல்பும் இப்படிச் செய்யாதே!”

மீனம்மா முன்னால் வந்து, இடுப்பில் கையை ஊன்றிக் குனிந்து, அந்த நாலாவது புள்ளியைப் பார்த்தாள். அது பெருத்து ஒளிர்ந்து, மெல்ல அடங்கியது. மறுபடி பெருத்தது.

“ஏன்டி வடிவு, கரண்டு போன நேரத்துல எங்க வீட்டு மனுசன் தண்ணிப் பீலிக்கரையில ஒளிஞ்சு நின்னு சிகரட்டு இழுப்பாரு பாரு, எங்க வாசல்ல இருந்து பாத்தா அச்சு அசல் இப்புடித்தான்டி தெரியும்.”